பன்னிரண்டு வினாடி வள்ளல்கள்

கல்வியின்மீது நம்மவருக்கு இருக்கும் பற்றை நேரில் காண விரும்புகிறவர்கள், பள்ளி திறந்திருக்கும் ஏதாவது ஒரு நாளில், காலை ஏழே முக்காலுக்கு ராஜா அண்ணாமலைபுரத்துக்கு வரவேண்டும். முதல் மணி அடிப்பதற்குள் பிள்ளையை வகுப்பில் உட்காரவைத்துவிட வேண்டும் என்ற தவிப்பில் மயிலாப்பூரிலிருந்தும் மந்தைவெளியிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் பெற்றோர்கள் வண்டிகளை விரட்டிக்கொண்டு வரும் அழகைக் காணக் கண்கோடி வேண்டும். தம் பிள்ளையின் அட்டெண்டன்ஸுக்காக அடுத்தவர் பிள்ளையின் உயிரைக்கூடப் பொருட்படுத்தாத தியாகம் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

எங்கள் பேட்டையின் பெயர் ராசி அப்படி. 1929இல் சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தையே எழுப்பிக் கொடுத்த ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் பெயரைத் தாங்கிய இடம் இது. கல்விக்காக அவர் பொருளை அள்ளிக் கொடுத்தார். நமக்கு அவ்வளவு வசதி இல்லை, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறோம். பக்கத்தில் ஓடும் பெரிய சாலைக்குத் துர்காபாய் தேஷ்முக்கின் பெயர். பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் 1937இல் ஆந்திர மகிளா சபாவைத் தொடங்கியவர் அவர். சபாவின் மருத்துவமனையும் அந்தச் சாலையிலேயே இருக்கிறது. அடிபட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாரும் வெகுதூரம் அலையக் கூடாது என்ற முன்யோசனையோடுதான் அங்கே எல்லோரும் அப்படிப் பறக்கிறார்களோ என்று எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம்.

இப்படிப் போகிறவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று குறை சொல்ல ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும். அவர்களுக்குக் கணக்கு வராது. பள்ளி வாசலுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக இருநூறு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க 24 வினாடி ஆகும். 60இல் போனால் 12. மிச்சம் முழுசாகப் பன்னிரண்டு வினாடி! இதைச் சம்பாதிக்க ஒருவர் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது தெரியுமா? ஹார்னிலிருந்து கையை எடுக்காமல், இடப்பக்கமாக ஏறி, ஸ்கூல் வேனுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே நுழைந்து, வாட்டர்பாட்டிலைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்த பிள்ளையை ஒரு சாண் இடைவெளியில் தவிர்த்து, போகிறபோக்கில் அதன் தாயை ஒரு முறை முறைத்துவிட்டும் போகவேண்டும். அப்படிப் பாடுபட்டுச் சேர்த்ததை அவர் தமக்கென்று வைத்துக்கொள்கிறாரா? அடுத்த சிக்னலில் சிவப்பு விளக்கின்முன் நின்று அத்தனையையும் செலவழித்துவிடுகிறார். முப்பதில் வந்தவரும் ஆற அமர வந்து அவர் பக்கத்திலேயே நிற்கிறார். ஈட்டிய பொருளை இருநூறு அடி தள்ளி வீதியிலேயே விட்டுச்செல்லும் இந்த மனம், கடையெழு வள்ளல்களுக்குப் பிறகு தமிழ்நாட்டில் இங்கேதான் காணக்கிடைக்கிறது.

வேகமாகப் போகிறவர்களுக்குப் பதற்றம் அதிகம் என்பார்கள். அதுவும் பொய். நல்ல பிரேக் உள்ள ஒரு கார், காய்ந்த சாலையில், முப்பதில் வருகிறது. ஒரு பிள்ளை குறுக்கே வந்துவிட்டது. ஓட்டுபவர் பார்த்துச் சுதாரிக்க ஒரு வினாடி, அதற்குள் எட்டு மீட்டர் போகும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் ஐந்து மீட்டர். பதின்மூன்று மீட்டரில் வண்டி நின்றுவிடும். அறுபதில் வந்தவர் அந்தப் பதின்மூன்றாவது மீட்டரில் என்ன செய்துகொண்டிருப்பார்? ஒன்றுமே செய்துகொண்டிருக்க மாட்டார். சுதாரிக்கும் அந்த ஒரு வினாடியே அவருக்கு இன்னும் முடிந்திருக்காது; அது முடிவதற்குள் கிட்டத்தட்டப் பதினேழு மீட்டர் போய்விடும். முப்பதில் வந்தவர் நின்றே போன இடத்தில், அறுபதில் வந்தவரின் கால் பிரேக்கின்மேல் பட்டிருக்காது. ஒரு குழந்தையின் முன்னால் அவ்வளவு சலனமில்லாமல் இருப்பது யோகிகளுக்கும் எளிதில் கைகூடாத நிலை.

அரசாங்கம் சும்மா இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை வேக வரம்புகளைத் திருத்தி அறிவித்தது. கார்களுக்கு 60, பைக்குக்கும் லாரி, பஸ்ஸுக்கும் 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புப் பகுதி என்றால் எந்த வண்டியானாலும் 30. இந்த முப்பது ஏதோ நம்மூர்க்காரர்கள் வாய்க்கு வந்தபடி சொன்ன எண் அல்ல. நடக்கிறவர்களும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் முப்பதுக்குமேல் போகக் கூடாது என்பதுதான் 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகளின் மாநாடு வெளியிட்ட பிரகடனம் சொல்வது. எண்ணைப் பொறுத்தவரை நாம் சுவீடனுக்குச் சமம்.

அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நெய் பூசி மாலை சூட்டி வைத்திருந்த வேல்களின் அழகை மனமாரப் பாராட்டினாளாம். தெருமுனையில் நிற்கும் ‘30’ என்ற பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் அதே பாராட்டுணர்ச்சி பொங்குகிறது. எவ்வளவு வெள்ளை, எவ்வளவு சிவப்பு! ஒரு கீறல் உண்டா? வருகிற போகிற வண்டி எதுவும் அதற்கு ஒரு வேலையும் வைத்ததில்லை.

பலகையைவிடச் சாலை வெளிப்படையானது என்பதையும் சொல்லியாக வேண்டும். நேராக, அகலமாக, புதுத் தார் போட்டு, நடுவில் வெள்ளைக்கோடும் இழுத்துவிட்டு, ஓரத்தில் ‘மெதுவாகச் செல்லவும்’ என்று எழுதிவைத்தால், ஓட்டுநர் எதைக் கேட்பார்? கால் சாலையின் பேச்சைத்தான் கேட்கும். வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் சாலையைக் குறுக்க வேண்டும், முனைகளை இறுக்க வேண்டும், பிள்ளைகள் கடக்கும் இடத்தை பிளாட்பார உயரத்துக்கு மேடாக்க வேண்டும். ஸ்பீடு பிரேக்கர் ஒன்றுக்கே இந்திய சாலை காங்கிரஸ் துல்லியமாக அளவு சொல்லியிருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வில்போன்ற மென்மையான வளைவு. அப்படிப் போட்டால் வண்டி இருபத்தைந்தில் அலுங்காமல் ஏறி இறங்கும். நம் ஒப்பந்தக்காரர்களோ இத்தகைய அளவுகளுக்குள் அடைபட்டுக் கிடக்காத சுதந்திரக் கலைஞர்கள். ஒரு முழ அகலத்தில், கரடுமுரடாக, வெள்ளைப் பெயின்ட்கூட அடிக்காமல் இரவோடு இரவாக ஒன்றை எழுப்புவார்கள். முதுகெலும்பு மருத்துவர்கள் வாழ்த்துவார்கள். அடுத்த முறை சாலை போடும்போது அதுவும் காணாமல் போய்விடும். திரும்பப் போடச் சொல்லி ஒரு மனு, மனுவுக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி, ‘தங்கள் புகார் தீர்த்துவைக்கப்பட்டது’ என்று.

இனி, குழந்தைகளின் தரப்பிலிருந்து பார்த்தால் நம் ஓட்டுநர்களின் பெருமை இன்னும் கூடும். லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள், தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் கண்ணைச் சோதித்து ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வரும் வண்டி, வந்துகொண்டிருக்கிறது என்பதே அந்த வயதுக் குழந்தைகளுக்குச் சரியாகப் புலப்படுவதில்லை. சாலையைக் கடக்கச் சில வினாடி வேண்டும். வேகமாக வருகிற வண்டி அந்தச் சில வினாடிக்கு முன்னால் வெகு தூரத்தில் இருக்கும். தூரத்தில் இருப்பதால் அதன் உருவம் பெரிதாகிக்கொண்டே வருவது மிக மெல்லத்தான் தெரியும். நமக்குத் தெரிந்துவிடும். ஏழு வயதுக் கண்ணுக்கு அது நின்றுகொண்டிருக்கிற வண்டிபோலவே இருக்கும். குழந்தை கவனிக்காமல் வந்தது என்கிறோமே, அது வலமும் இடமும் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கும். கண்ணெதிரே வந்தும் கண்ணுக்குப் படாமல் வருவது சித்தர்களுக்கே உரிய கலை என்று நினைத்திருந்தோம். தவமில்லாமல், தாடியில்லாமல், தவணையில் வாங்கிய காரில் அதைச் செய்துகாட்டுகிறவர்களை என்ன சொல்லிப் போற்றுவது?

கார் என்றதும் ஒரு விஷயம். எல்லாப் பிள்ளைகளும் காரில் வருவதில்லை. சீனிவாசபுரத்திலிருந்தும், பட்டினப்பாக்கத்துக் குடியிருப்புகளிலிருந்தும், பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலிருந்தும் வரும் பிள்ளைகள் இன்னமும் நடந்துதான் வருகிறார்கள். தம்பியின் கையை அக்கா பிடித்துக்கொண்டு, அக்காவின் பையைத் தம்பி இழுத்துக்கொண்டு, பிளாட்பாரம் இருக்கிற இடத்தில் பிளாட்பாரத்திலும் இல்லாத இடத்தில் கடவுள் விட்ட வழியிலும். காரில் வரும் பிள்ளைக்கு இந்தக் கவலைகள் கிடையாது. அதைச் சுற்றி ஒன்றரை டன் இரும்பு, சீட் பெல்ட், ஆறு ஏர்பேக். இத்தனை பாதுகாப்பு ஏன் என்று அதன் அம்மாவைக் கேட்டால், “ரோடு கொஞ்சமும் சேஃப் இல்லைங்க, அதான் நடக்க விடறதில்லை, நாங்களே கார்ல கொண்டுவந்து விட்டுடறோம்” என்பார். உண்மைதான். ரோடு சேஃப் இல்லாமல் போனது இவர்களைப் போன்ற முந்நூறு பேர் கொண்டுவந்து விடுவதால்தான். பயத்தை உண்டாக்குகிறவரும் அவரே, பயப்படுகிறவரும் அவரே, அதற்குப் பரிகாரமாக இன்னும் பெரிய வண்டி வாங்குகிறவரும் அவரே. தன்னிறைவு என்பது இதுதான். வெளியிலிருந்து ஒன்றும் தேவைப்படாது.

அந்த இன்னும் பெரிய வண்டியைப் பற்றி அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்காகக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஆய்வு மையம் 2023இல் ஒரு கணக்குச் சொன்னது. பானெட்டின் முன்விளிம்பு தரையிலிருந்து நாற்பது அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், தாழ்ந்து சரிந்த முகமுள்ள கார் மோதுவதைவிட, நடக்கிறவர் இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். நாற்பது அங்குலம் என்றால் எல்.கே.ஜி. குழந்தையின் உயரம். பானெட்டுக்கு முன்னால் அது நின்றால் ஸ்டியரிங்கில் இருப்பவருக்குத் தலைகூடத் தெரியாது. தெரியாதது மனத்தை உறுத்தாது. அந்த நிம்மதிக்குத்தான் இருபது லட்சம்.

பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் பெற்றோரின் பாசம் இன்னொரு படி ஏறுகிறது. டியூஷனுக்கு நேரமாகிறதே என்று ஸ்கூட்டர் சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். மகனின் டியூஷனுக்காகச் சிறை செல்லவும் சித்தமாக இருக்கிற தந்தைமார்கள் வாழும் தெருவில் வாழ்கிறோம் என்பதே ஒரு பெருமிதம்.

முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை எல்லோருக்கும் தெரியும். எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு பாரி. பிளாட்பாரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தையோ, மின்வாரியப் பெட்டியையோ கண்டால் போதும், உருகிப்போய்த் தம் தேரை அங்கேயே அதன் துணைக்கு விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பாரி ஒருமுறை கொடுத்தான். இவர்கள் தினமும் கொடுக்கிறார்கள், மாலையில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம். பிளாட்பாரத்தில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டராவது இருக்கவேண்டும் என்பது விதி. இந்தியாவிலேயே முதன்முதலாக, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று ஒரு தனிக் கொள்கையை 2014இல் ஏற்றுக்கொண்டது நம் சென்னை மாநகராட்சி. போக்குவரத்துக்கான செலவில் 60 சதவீதம் அவர்களுக்கே என்றும் அதில் எழுதியது. மாநகராட்சியின் பெருந்தன்மை ஒருபக்கம், பாரிகளின் பெருந்தன்மை இன்னொருபக்கம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற முக்கால் அடியில் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வரிசை தவறாமல் போகப் பழகிக்கொள்கிறார்கள். ஒழுக்கம் பள்ளிக்கு வெளியிலேயே வந்துவிடுகிறது. மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலைக்காகத் தகரத் தடுப்புகள் வந்த பிறகு அந்த முக்கால் அடியும் சில இடங்களில் மிச்சம்.

ஹார்னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலம் என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்; பகலில் 50 டெசிபலுக்கு மேல் கூடாது. ஆனால் தமிழிசை இயக்கத்தை வளர்த்தவர் பெயரில் உள்ள ஊர், அரசு இசைக் கல்லூரியும் கூப்பிடு தூரத்தில். சும்மா இருக்க முடியுமா?

ஜீப்ரா கோடுகள் வேறு இருக்கின்றன. மார்கழியில் மாடவீதிப் பக்கம் வாசலில் பெரிய கோலத்தைக் கண்டால் பைக்கை ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பள்ளி வாசலில் மாநகராட்சி போட்ட இந்தக் கோலத்தில் புள்ளி இல்லை, கம்பி இல்லை, நடுவில் பூசணிப்பூவும் இல்லை. மரியாதை எப்படி வரும்? குறையைத் தீர்க்கப் பள்ளிகள் வாசலில் ஒரு வாட்ச்மேனை நிறுத்துகின்றன. ஒரு விசில், ஒரு சிவப்புக்கொடி, தேய்ந்த ஒரு ஜோடி செருப்பு. ஸ்டாக்ஹோம் பிரகடனம், 2014 கொள்கை, 2019 சட்டம், 2023 அறிவிப்பு எல்லாவற்றையும் காலையில் முக்கால் மணி நேரம் இந்த நாட்டின் சார்பாக அமல்படுத்துகிறவர் அவர்தான். அவர் கையை நீட்டினால் நம்மவர்கள் வண்டியை நிறுத்துவதில்லை; கொஞ்சம் வளைத்துக்கொண்டு அவர் முதுகுப்புறமாகப் போகிறார்கள். வயதானவரை முகத்துக்கு நேராக மீறக் கூடாது என்கிற பண்பாடு.

இந்தப் பண்பாட்டின் பழைய வடிவம் எவ்வளவு கரடுமுரடாக இருந்தது என்பதற்குத் திருவாரூர்க் கதை சாட்சி. இளவரசன் தேரில் போனான். பசுங்கன்று ஒன்று சக்கரத்தில் அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் கிடத்தினான். அவனுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையும் வைத்திருக்கிறோம். வழக்கை இன்றைய அறிவோடு படித்துப் பாருங்கள், எத்தனை ஓட்டை! கன்று ஏன் சாலைக்கு வந்தது? வந்தபோது தாய்ப்பசு எங்கே மேய்ந்துகொண்டிருந்தது? கன்றின் கழுத்தில் மணி கட்டியிருந்ததா? தேர் எவ்வளவு விலை, பழுதுபார்க்க எவ்வளவு ஆகும்? ஒன்றையும் விசாரிக்காமல் ஒரு பசுவின் பேச்சைக் கேட்டு முடிவெடுத்துவிட்டான் அவசரக்கார அரசன். நாம் அப்படிச் செய்வதில்லை. விபத்து நடந்த பத்தாவது நிமிடத்தில், கூடிநிற்கும் கூட்டத்திலிருந்து ஒருவராவது முறைப்படி விசாரணையைத் தொடங்கிவிடுவார்: “பசங்க திடீர்னு குறுக்கே ஓடிவந்துடறாங்க சார், வண்டியில வர்றவன் என்ன பண்ணுவான்?” மணிக்கு ஐந்து கிலோமீட்டரில் வந்தது திடீரென்று வந்தது. அறுபதில் வந்தது எப்போதும்போல வந்தது. அதற்கப்புறம் அந்தத் தாயைப் பார்த்து இரண்டு கேள்வி. அவள் அடிக்க மணி ஏதும் கிடையாது, வண்டிகளில்தான் இருக்கிறது.

தாய்மார்களைக் கேள்வி கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்து எச்சரிக்கை. 1971இல் அந்தச் சின்ன நாட்டின் சாலைகளில் நானூறுக்கும் அதிகமான குழந்தைகள் இறந்தார்கள். பெற்றோர்கள் ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று பெயர் வைத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்துவிட்டார்கள். அரசாங்கம் சாலைகளைக் குறுக்கி, தனிப் பாதை போட்டு, வண்டிகளை நடைவேகத்துக்கு இறக்கியது. இன்றைக்கு அங்கே சின்னப் பிள்ளைகள்கூடச் சைக்கிளில் தாமாகவே பள்ளிக்குப் போய்வருகிறார்கள். காலை எட்டு மணிக்கு அந்தப் பெற்றோருக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை, பாவம்.

நம் நாட்டில் விதிகள் வேறு வழியில் பிறக்கின்றன. 1997 நவம்பரில் டெல்லியில் வஜீராபாத் பாலத்திலிருந்து பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்து 28 குழந்தைகள் இறந்தார்கள். சில நாள்களில் பள்ளிப் பேருந்துகளின் வேகத்துக்குப் பூட்டுப் போடச் சொல்லி உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு வந்தது. 2012 ஜூலை 25 அன்று தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், ஓடும் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்தாள். அந்த ஆண்டே தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று சிறப்பு விதிகள் வந்தன. 2025 ஜூனில் பெரம்பூரில், தாயோடு ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பத்து வயதுச் சிறுமியைத் தண்ணீர் லாரி ஏற்றிக் கொன்றது. பள்ளி நேரத்தில் கனரக வண்டிகள் வரக் கூடாது என்ற பழைய கட்டுப்பாட்டுக்கு உயிர் வந்தது. சட்டம் இயற்றுவது சட்டமன்றத்தின் வேலை என்று பாடப்புத்தகம் சொல்கிறது. இந்த மூன்றையும் எழுதியவர்கள் பாடப்புத்தகத்தை முடிக்காதவர்கள். எங்கள் தெருவுக்கான விதி ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பவர்கள், எழுதுவதற்கு இன்னும் யாரும் முன்வரவில்லை என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் ரேங்க் வாங்காத எதையும் ரசிக்காதவர்கள் நாம், ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் இந்தியாவிலேயே அதிகச் சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. உயிரிழந்தவர்கள் 17,884 பேர். அந்தப் பாடத்தில் மட்டும் உத்தரப் பிரதேசம் நம்மை முந்திவிட்டது. நாடு முழுவதும் அந்த ஆண்டு சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு எழுபத்தொரு பேர் அதிவேகத்தால் இறந்தவர்கள். எஞ்சிய இருபத்தொன்பதுக்கு மற்ற எல்லாக் காரணங்களும் தமக்குள் போட்டி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்வளவு பேரை இவ்வளவு காலம் பாராட்டாமல் விட்டது எங்கள் பகுதிக்கே இழுக்கு என்று தோன்றியதால், நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பாராட்டு விழா எடுப்பதென்று முடிவு செய்தோம். சபாக்களுக்கும் மண்டபங்களுக்கும் பஞ்சமில்லாத இடம்தான். ஆனாலும் அவர்கள் திறமை விளங்குகிற இடத்திலேயே, பள்ளி வாசலிலேயே, எட்டு மணிக்கு வைத்துக்கொள்வது பொருத்தம் என்று பட்டது. பொன்னாடை வாங்கியாயிற்று. வாழ்த்து மடல் அச்சாகிவிட்டது. முதலில் வருகிற வண்டிக்கே முதல் மரியாதை என்பது ஏற்பாடு. எங்களில் மூத்தவர் ஆடையை இரு கையிலும் விரித்துப் பிடித்தபடி ஜீப்ரா கோட்டின் நடுவில் போய் நின்றார்.

வாட்ச்மேன் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “ஐயா, அவரு நிக்க மாட்டாரு. நீங்க மொதல்ல ஓரமா வாங்க.”